ஊதிய வரம்பில் மிச்சம்: கழித்தல் கணக்கு தவறும் இடங்கள்

தொழில்முறை விளையாட்டு அணி ஒரு பருவத்தில் வீரர்களுக்காகச் செலவிடும் தொகைக்கு லீக் விதிக்கும் மேல் எல்லையே ஊதிய வரம்பு. அந்த எல்லைக்குள் இன்னும் எவ்வளவு செலவிட முடியும் என்பது அணியின் மிச்சம். வரம்பிலிருந்து வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் கழித்தால் மிச்சம் வந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களிலும் இக்கணக்கே பெரும்பாலும் அச்சாகிறது. ஆனால் கழிக்க வேண்டியது வீரர் கையில் வாங்கும் பணத்தை அன்று, லீக்கின் பேரேட்டில் அவர் பெயரில் எழுதப்படும் பற்றை. இரண்டும் ஒன்றாக இருப்பது தற்செயல். அப்படிக் கிடைத்த தொகையிலும், நிரப்பியே ஆகவேண்டிய இடங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சுவதையே அணி தன் விருப்பப்படி செலவிட முடியும்.

பற்றுக்கும் பணத்துக்கும் உள்ள இடைவெளி மிகத் தெளிவாகத் தெரிவது அமெரிக்கக் கால்பந்தில், அதாவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தில். அங்குள்ள என்எஃப்எல் லீக் 1994-இல் 3.46 கோடி டாலர் வரம்போடு இம்முறையைத் தொடங்கியது. 2024-இல் வரம்பு 25.54 கோடி டாலர். லீக்கின் வருவாயோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வரம்பு இறங்கவும் கூடும். பெருந்தொற்றால் அரங்குகள் காலியாகக் கிடந்ததன் விளைவாக 2020-இல் 19.82 கோடியாக இருந்தது 2021-இல் 18.25 கோடியாகச் சரிந்தது. ஒப்பந்தம் போடும்போது வீரருக்கு மொத்தமாகத் தரப்படும் கையொப்பத் தொகையை அந்த லீக் ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுத அனுமதிக்கிறது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 2 கோடி டாலர் முன்பணம் வாங்கிய வீரர் பெயரில் ஆண்டுக்கு 40 லட்சம்தான் பற்று. இரண்டாம் ஆண்டு முடிவில் அவரை விலக்கினால், எழுதப்படாமல் நிற்கும் 1.2 கோடி அணியின் தலையில் விழும். ஆள் போய்விடுவார், பற்று போகாது.

டென்வர் அணி 2024-இல் ரஸல் வில்சனை விலக்கியபோது நடந்தது இதுவே. அவர் பெயரில் நின்ற 8.5 கோடி டாலரில் 5.3 கோடி 2024-ஆம் ஆண்டுக் கணக்கிலும் 3.2 கோடி 2025-ஆம் ஆண்டுக் கணக்கிலும் எழுதப்பட்டன. வேறு அணிக்கு ஆடப் போய்விட்ட ஒருவருக்காக அந்த ஆண்டு வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அடைபட்டது. அணியில் இருப்பவர்களின் சம்பளத்தை மட்டும் கூட்டிப் பார்க்கும் மதிப்பீட்டாளர் கண்ணில் இத்தொகை படவே படாது.

அதே லீக்கில் பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. அணியில் 90 பேர் வரை இருந்தாலும், பற்று அதிகமுள்ள 51 பேரின் தொகை மட்டுமே கூட்டப்படும். 40 லட்சம் டாலர் பற்றுள்ள ஒருவர் புதிதாக வந்தால், 51-ஆம் இடத்தில் 10 லட்சத்தோடு இருந்தவர் பட்டியலுக்கு வெளியே போவார். மிச்சம் குறைவது 30 லட்சம்தான். எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்று சொல்லாத மதிப்பீடு பாதி மதிப்பீடே.

காலால் ஆடும் கால்பந்தில் ஸ்பெயினின் லா லிகா இன்னும் கடுமையானது. அங்கு ஒவ்வொரு கிளப்புக்கும் அதன் வருவாய், கடன் நிலையைப் பொறுத்துத் தனித்தனி வரம்பு. சம்பளத்தோடு, வீரரை வாங்கக் கொடுத்த விலையின் ஆண்டுப் பங்கும் அதில் அடங்கும். 2021 ஆகஸ்டில் லயனல் மெஸ்ஸி சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டும் பார்சிலோனாவால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. வரம்பைத் தாண்டிய கிளப் நான்கு யூரோ மிச்சப்படுத்தினால் ஒரு யூரோதான் செலவிடலாம் என்பது அப்போதைய விதி. சேமித்த தொகை முழுவதும் மிச்சமாகிவிடும் என்று கணக்கிட்டவர்கள் அங்கே ஏமாந்தார்கள்.

தமிழ்நாட்டில் இக்கணக்கு எல்லோர் கண் முன்பும் நடப்பது கிரிக்கெட் ஏலத்தில். ஐபிஎல் 2025 பருவத்துக்கான மெகா ஏலத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு. சர்வதேச ஆட்டம் ஆடிய வீரர்களைத் தக்கவைத்தால் முறையே 18, 14, 11, 18, 14 கோடி என்றும், ஆடாதவருக்கும் பல ஆண்டுகளாக ஆடாமல் இருக்கும் இந்திய வீரருக்கும் தலா 4 கோடி என்றும் லீக் படிநிலை வகுத்தது. அணி தன் வீரர்களோடு பேசி வேறு தொகைகளை முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் படிநிலைக் கூட்டுத்தொகை, பேசிய கூட்டுத்தொகை இரண்டில் எது அதிகமோ அதுவே வரம்பிலிருந்து கழிக்கப்படும்.

சென்னை சூப்பர் கிங்ஸ் ருதுராஜ் கெய்க்வாட், ஜடேஜா இருவருக்கும் தலா 18, பத்திரனாவுக்கு 13, ஷிவம் துபேவுக்கு 12, தோனிக்கு 4 கோடி என்று 65 கோடிக்குத் தக்கவைத்தது. நான்கு பேருக்கான படிநிலைக் கூட்டுத்தொகை 61, தோனியின் 4 சேர்ந்து அதே 65. மிச்சம் 55 கோடி. சாதாரணக் கழித்தலும் இங்கே சரியான விடையைத் தருவதால் அந்த முறையே சரி என்ற மயக்கம் உண்டாகிறது. கொல்கத்தாவை எடுத்துக்கொண்டால் மயக்கம் தெளியும். ரிங்கு சிங்குக்கு 13, வருண் சக்கரவர்த்தி, நரைன், ரஸல் மூவருக்கும் தலா 12, ஹர்ஷித் ராணா, ரமன்தீப் இருவருக்கும் தலா 4 என்று அந்த அணி தரவேண்டிய பணம் 57 கோடி. படிநிலைப்படி பற்று 69 கோடி. எனவே ஏலத்துக்கு வந்தபோது கையில் இருந்தது 63 கோடி அன்று, 51 கோடி. டெல்லி தரவேண்டியது 43.75 கோடி, பற்று 47 கோடி, மிச்சம் 73 கோடி. வீரர்களோடு குறைவாகப் பேசி முடித்தது அணியின் பெட்டிக்கு லாபம்; ஏல மேசையில் அந்த லாபத்தால் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

சென்னையின் 55 கோடியையும் அப்படியே நம்ப முடியாது. அணியில் குறைந்தது 18 பேர், அதிகம் போனால் 25 பேர் இருக்கலாம். மிகக் குறைந்த அடிப்படை விலை 30 லட்சம். ஐந்து பேரோடு வந்த சென்னைக்கு இன்னும் 13 பேர் கட்டாயம். முதல் வீரருக்குக் கையை உயர்த்தும்போது மற்ற 12 இடங்களுக்கு 3.6 கோடி ஒதுங்கிவிடும். 25 பேரையும் நிரப்புவதானால் ஒதுக்கு 5.7 கோடி, விருப்பத்துக்குச் செலவிடக்கூடியது 49.3 கோடி. இதுவும் தாராளமான மதிப்பீடே. 30 லட்சத்துக்குக் கிடைப்பவர்கள் பெரும்பாலும் சர்வதேச அனுபவம் இல்லாத உள்நாட்டு வீரர்கள். பெயர் பெற்ற வெளிநாட்டு வீரரின் அடிப்படை விலையே 2 கோடி வரை போகும்.

ஏலம் முடிந்தபின் கிடைத்த பட்டியல் இந்த ஒதுக்கு எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டுகிறது. நூர் அகமது 10, அஸ்வின் 9.75, கான்வே 6.25, கலீல் அகமது 4.8, ரச்சின் ரவீந்திரா 4 என ஐவருக்கே 34.8 கோடி போயிற்று. மற்ற 15 பேருக்கும் சேர்த்து 20.15 கோடி. அவர்களில் ஷேக் ரஷீத், ஆந்த்ரே சித்தார்த் உட்பட ஆறு பேர் சரியாக 30 லட்சத்துக்கு வந்தவர்கள். 20 பேருக்கு 54.95 கோடி செலவிட்டு, 5 லட்சம் ரூபாயோடு சென்னை எழுந்தது. ஓர் அணி தன் மிச்சத்தை எவ்வளவு நுணுக்கமாக அளந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்த 5 லட்சமே சான்று.

ரச்சினின் விலையில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. பஞ்சாப் 3.2 கோடிக்குக் கேட்டு நின்றபோது சென்னை தன் பழைய வீரரை மற்றோர் அணி கேட்ட விலைக்கே மீட்டுக்கொள்ளும் ஆர்டிஎம் உரிமையைப் பயன்படுத்தியது. விதிப்படி பஞ்சாப் விலையை ஒருமுறை உயர்த்தலாம். அது 4 கோடி என்றது, சென்னை ஏற்றது. உரிமை சென்னையுடையது, விலையைத் தீர்மானித்தது பஞ்சாப். இத்தகைய உரிமை கைவசம் உள்ள அணியின் மிச்சத்தை ஒற்றை எண்ணாகச் சொல்வதைவிட, இத்தனை கோடி முதல் இத்தனை கோடி வரை என்று சொல்வதே நேர்மை.

ஏட்டுத் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையிலான இந்தச் சிக்கல் தமிழகத்துக்குப் புதிதன்று. 1690 முதல் 1698 வரை செஞ்சிக்கோட்டையை முற்றுகையிட்ட மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கானின் முகாம் மொகலாயரின் மன்சப்தாரி முறையில் இயங்கியது. மன்சப்தார் எனப்பட்ட அதிகாரியின் சம்பளம் அவரது தரத்தால் வரையறுக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஜாகீர் நிலத்தின் வரி ஒதுக்கப்பட்டது. நிலத்துக்கு ஏட்டில் மதிப்பிட்ட வருவாய் ஜமா; உண்மையில் திரண்டது ஹாசில். ஹாசில் பெரும்பாலும் குறைந்தே இருந்ததால், ஷாஜகான் காலம் முதலே ஜாகீர்களை எட்டு மாதத்தது, ஆறு மாதத்தது என்று தரம் பிரித்தார்கள். பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று எழுதியிருந்தாலும் அத்தனை மாதத்துக்கு ஈடான வரிதான் கிடைக்கும் என்பது பொருள். வைத்திருக்க வேண்டிய குதிரைகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டது. இன்றும் செஞ்சி வட்டத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தி, ஜமா என்ற அந்தச் சொல்லைத் தாங்கி நிற்கிறது. மதிப்பீட்டையும் வசூலையும் தனித்தனிப் பத்தியில் எழுத வேண்டும் என்று அந்தக் கணக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஊதிய வரம்பு மதிப்பீட்டுக்கும் அதே இரண்டு பத்திகள் தேவை: ஒன்றில் பற்று, மற்றொன்றில் பணம்.

2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துக்கு வரும்போது மதிப்பீட்டாளர் தடுமாறுகிறார். 2015-இலும் 2017–18-இலும் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சி உள்ளிட்ட கிளப்புகளுக்கும் ஊதிய வரம்பு உண்டு. ஆனால் ஐபிஎல் போல எல்லோர் முன்னிலையிலும் ஏலம் கேட்டு விலை முடிவதில்லை. வீரரும் கிளப்பும் தனியே பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள், தொகை வெளியிடப்படுவதில்லை. இதனால் சென்னையின் எஃப்சி ஒரு நடுக்கள வீரரை ஏன் விட்டது, ஏன் வெளிநாட்டு முன்கள வீரரை எடுக்கவில்லை என்ற கேள்விகளுக்கு ரசிகர் தரும் பதில் ஊகமாகவே முடிகிறது. நல்ல நிர்வாகத்தையும் மோசமான நிர்வாகத்தையும் வேறுபடுத்திப் பார்க்க வழியில்லை.

வீரர்களின் தனிப்பட்ட சம்பளம் வெளியாக வேண்டியதில்லை. கிளப் ஒவ்வொன்றின் மொத்தப் பற்று, விலகிய வீரர்கள் பெயரில் நிற்கும் தொகை, நிரப்பப்படாத இடங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பருவம் தொடங்கும் முன் லீக் வெளியிட்டால் போதும். டிக்கெட் வாங்கி நேரு விளையாட்டரங்கின் படிகளில் வந்து அமரும் ரசிகருக்கு அந்த மூன்று எண்களைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அவற்றை லீக் வெளியிட வேண்டும்.