வியாழனில் ஓயாத புயல்

மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் ஒலிக்கும் திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில், வெள்ளி எழுவதும் வியாழன் மறைவதும் வருகின்றன. இந்தக் கோள்நிலையைச் சான்றாகக் கொண்டு அந்த மார்கழி கி.பி. 731ஆம் ஆண்டுக்குரியது என்று கணித்தார் தமிழறிஞர் மு. இராகவையங்கார். அதை ஏற்காத அறிஞரும் உண்டு. திருப்பாவையில் கோதை ஆண்டாள் பாடியது கண்ணால் கண்ட வானத்தை என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

அந்த வியாழனின் தென்பாதியில், பூமியைவிட அகலமான புயல் ஒன்று இன்று சுழன்றுகொண்டிருக்கிறது. பெரும் சிவப்புப் புள்ளி என்பது அதன் பெயர். விளிம்பில் காற்றின் வேகம் மணிக்கு 400 கி.மீ.க்கும் மேல்.

நம் புயல்களுக்கு ஆயுள் சில நாள்களே. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, மாலைக்குள் வலுவிழந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் போனது. வெதுவெதுப்பான கடல்நீரின் ஈரம்தான் புயலுக்குத் தீனி. கரையேறியதும் அது கிடைக்காது. தரையும் மலையும் உராய்ந்து வேகத்தையும் குறைத்துவிடும்.

வியாழனில் உராய்வதற்குக் கடலும் இல்லை, கரையும் இல்லை. மேகங்களுக்கு அடியிலும் வாயுதான். அங்குள்ள புயலோ தாழ்வழுத்தம் அன்று, உயரழுத்தச் சுழல். அதன் வடபுறம் மேற்கு நோக்கியும் தென்புறம் கிழக்கு நோக்கியும் இரு பெருங்காற்றுகள் ஓடுகின்றன. இரு உள்ளங்கைகளுக்கு நடுவே திரி உருள்வதுபோல அவற்றின் இடையில் அது சுழல்கிறது; வழியில் அகப்படும் சிறு சுழல்களையும் உள்வாங்கிக்கொள்கிறது. ஜூனோ விண்கலம் ஈர்ப்பு விசையைக் கொண்டு அளந்ததில், அதன் ஆழம் 500 கி.மீ.க்கு மிகாது என்று தெரிந்தது.

நெடுநாள் வாழ்வதால் அது சாகாது என்று எண்ணிவிடக் கூடாது. 1665இல் வானியலாளர் காசினி கண்டு 'நிரந்தரப் புள்ளி' என்று அழைத்தது 1713க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. இன்றைய புள்ளியின் முதல் சுவடு 1831ஆம் ஆண்டு ஓவியத்தில்தான் தெரிகிறது. இரண்டும் வேறு வேறு புயல்கள் என்று 2024இல் ஸ்பெயினின் சான்செஸ் லவேகா குழு முடிவுசெய்தது. அதற்குக் கைகொடுத்தவை, தொலைநோக்கியில் பார்த்தவர்கள் கையால் வரைந்துவைத்த அந்தப் பழைய படங்களே. 1879இல் ஏறத்தாழ 39,000 கி.மீ. நீளமிருந்த புள்ளி இப்போது 14,000 கி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது. நெப்டியூனில் 1989இல் வாயேஜர் விண்கலம் கண்ட கரும்புள்ளியோ, 1994இல் ஹப்பிள் தொலைநோக்கி பார்த்தபோது இல்லவே இல்லை.

தமிழ் மண்ணிலிருந்தும் வியாழனை ஆராய்ந்திருக்கிறார்கள். 1972இல் அதன் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூர் ஆய்வகம் பதிவுசெய்தது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 15 செ.மீ. வில்லை அல்லது ஆடி கொண்ட நல்ல தொலைநோக்கி போதும். தெளிந்த இரவில் அந்தப் புள்ளி தெரியும். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழன் தன்னைத் தானே சுற்றுவதால், அது நம் பக்கம் திரும்பும் வேளையைக் கணித்துக் காத்திருக்க வேண்டும். மாணவர்கள் கண்டதை வரையட்டும். நாளும் நேரமும் குறிக்கட்டும். அந்த ஏடுகளைப் பள்ளி நூலகத்தில் பத்திரப்படுத்துங்கள்.