அலாஸ்கா எண்ணெய்க் குழாய்: ஒரே ஒரு ஓட்டில் ஓரங்கட்டப்பட்ட சுற்றுச்சூழல் சட்டம்!

அமெரிக்காவின் வடகோடியில் உள்ள அலாஸ்காவின் ப்ரூடோ பே பகுதியில் 1968-ல் பிரம்மாண்டமான எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால், கடல் உறைந்து கிடக்கும் அந்த இடத்துக்குக் கப்பல் போவது கஷ்டம். அதனால் தெற்கே உள்ள வால்டீஸ் துறைமுகம் வரை சுமார் 1,290 கி.மீ. தூரத்துக்குக் குழாய் பதிக்க எண்ணெய் நிறுவனங்கள் முடிவு செய்தன. 1969-லேயே ஜப்பானில் குழாய்களுக்கு ஆர்டரும் கொடுத்தாச்சு.

அங்கேதான் சிக்கல். பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு வேண்டும் என்ற சட்டத்தில் அதிபர் நிக்சன் 1970 ஜனவரி 1-ம் தேதி கையெழுத்திட்டார். சில மாதங்களிலேயே சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட, நீதிமன்றம் தடை விதித்தது.

தடை ஏன் முக்கியம்?

முதல் திட்டப்படி குழாயின் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில் புதைப்பதாக இருந்தது. ஆனால் அலாஸ்காவில் பல இடங்களில் நிலம் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும். பூமிக்கடியிலிருந்து வரும் எண்ணெயோ கொதிக்கக் கொதிக்க வரும். புதைத்தால் பனி உருகி, நிலம் சரிந்து, குழாயே உடையலாம். இதை நிறுவனங்கள் முதலில் அவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கு இழுத்த காலத்தில்தான் வடிவமைப்பு மாறியது. பாதிக்கும் மேற்பட்ட தூரம் தூண்கள் மீது உயர்த்தி, வளைந்து வளைந்து செல்லும்படி கட்டப்பட்டது. 2002-ல் 7.9 அளவிலான நிலநடுக்கம் தாக்கியபோதும் குழாயிலிருந்து எண்ணெய் கொட்டவில்லை.

தடை எப்படி நீங்கியது?

1973 ஜூலையில், 'இனி ஆய்வு போதும், நீதிமன்றமும் தலையிடக் கூடாது' என்ற திருத்தம் செனட்டில் ஓட்டெடுப்புக்கு வந்தது. 49-க்கு 49! துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ போட்ட ஓட்டில் அது நிறைவேறியது. (அடுத்த மூன்றே மாதத்தில் அவர் வரி ஏய்ப்பு வழக்கில் பதவியை இழந்தது தனிக்கதை.) அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால்தான் இது நடந்தது என்று பலரும் சொல்வதுண்டு. அந்தத் தடை வந்ததோ அக்டோபரில். நவம்பரில் இறுதிச் சட்டம் வேகமாக நிறைவேற அது உதவியது, அவ்வளவுதான்.

1977-ல் எண்ணெய் பாயத் தொடங்கியது. பெரிய விபத்து நடந்தது நிலத்தில் இல்லை, கடலில். 1989 மார்ச் 24-ல், வால்டீஸில் எண்ணெய் ஏற்றிப் புறப்பட்ட எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெய் கொட்டியது. அந்தக் கப்பலுக்கு இருந்தது ஒற்றைச் சுவர் மட்டுமே. எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் கட்டாயம் என்ற சட்டம் அதற்குப் பிறகு, 1990-ல்தான் வந்தது.