வலையும் விலையும்

1932ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் திகதி நியூயோர்க் நகரில் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் இன்று உலகெங்கும் சுவர்களிலே தொங்குகின்றது. எழும்பிக்கொண்டிருந்த ரொக்பெல்லர் நிலையக் கட்டடமொன்றின் உச்சியில், ஏறத்தாழ 850 அடி உயரத்தில், ஓர் உருக்கு உத்தரத்தின்மீது பதினொரு தொழிலாளர் வரிசையாக அமர்ந்து மதிய உணவு அருந்துகின்றனர். இடுப்பிலே கயிறில்லை, காலின்கீழ் எதுவுமில்லை. கட்டடத்துக்கு விளம்பரந் தேடுவதற்கென ஒழுங்குசெய்து எடுக்கப்பட்ட படம் அது.

பார்ப்போர் அம்மனிதரின் துணிவை வியக்கின்றனர். வியப்பதில் தவறொன்றுமில்லை, அவ்வுயரத்தில் நின்று உருக்கை உருக்கோடு பொருத்துவதற்கு உண்மையிலேயே நெஞ்சுரம் வேண்டும். எனினும், அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியோரில் ஏறத்தாழ நால்வருக்கொருவர் வேலையின்றித் தெருவில் நின்ற காலம் அது. உத்தரத்தில் ஏற மறுத்தவனுக்குப் பதிலாக ஏறுவதற்குக் கீழே ஆள் காத்திருந்தான். துணிவென்று நாம் போற்றுவதில் எத்துணை பங்கு துணிவு, எத்துணை பங்கு பசி என்பதைப் பிரித்துக் காட்டப் படத்தால் இயலாது. கட்டட வேலையில் விழுந்து இறத்தலை விதியென்றும் வீரமென்றும் கூறிவந்த வழக்கம் எவ்வாறு கலையத் தொடங்கிற்று என்பதையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

அவ்வழக்கத்தின் பழைய உருவத்தைக் காண்பதற்கு ஸ்கொட்லாந்திலுள்ள போர்த் புகையிரதப் பாலம் தக்க சான்றாகும். 1882இல் வேலை தொடங்கி 1890 மார்ச் 4ஆந் திகதி திறந்துவைக்கப்பட்ட அப்பாலத்தின் கோபுரங்கள் நீர்மட்டத்திலிருந்து 361 அடி எழுந்து நிற்பன. வேலை உச்சநிலையிலிருந்தபோது ஏறத்தாழ 4,600 பேர் அங்கே உழைத்தனர். மேலே வேலை செய்தோருக்கு நேர்கீழே, நீரில், படகுகள் நிறுத்தப்பட்டிருந்தன. விழுந்தவர்களுள் எண்மர் அப்படகுகளால் உயிர் பிழைத்தனர். இதனை அக்காலத்து ஒப்பந்தகாரரின் கருணைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். கருணையும் இருந்திருக்கலாம். ஆயினும், படகை நிறுத்திவைத்தவர்கள் மனிதர் விழுவர் என்பதை நன்கறிந்திருந்தனர் என்பதும் அதிலிருந்தே பெறப்படும். விழாமற் காக்கும் எண்ணம் படகில் இல்லை.

அப்பாலத்தில் மாண்டோர் தொகை 57 என்றே நெடுங்காலம் வழங்கிவந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே உள்ளூர் வரலாற்று ஆர்வலர் சிலர் பழைய பதிவுகளைத் துருவித் தேடி 73 மரணங்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் 38, உயரத்திலிருந்து விழுந்ததால் நேர்ந்தவை. பாலத்தில் அடிக்கப்பட்ட தறையாணிகள் ஏறத்தாழ அறுபத்தைந்து இலட்சம் என்று ஆணியின் கணக்கு நமக்குச் சிரமமின்றிக் கிடைக்கின்றது. ஆளின் கணக்கைச் சரிபார்க்க ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

அமெரிக்காவிலோ இவ்விடயத்தை முன்கூட்டியே கணக்கிடும் வழக்கம் தோன்றியிருந்தது. 1930களிற் பெரும் பாலவேலைகளைப் பற்றிப் பேசுவோர், பத்து இலட்சம் டொலர் செலவாகும் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்று சர்வசாதாரணமாகக் கூறினர். சீமெந்து இத்தனை தொன், உருக்கு இத்தனை தொன், மனிதர் இத்தனை பேர்! எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத விதி அது. அனுபவம் என்னும் பெயரால் நிலைத்த விதி. இறப்பு முன்னரே மதிப்பீட்டில் இடம்பெற்றுவிட்டால் அது நிகழும்போது யாரும் திடுக்கிடுவதில்லை.

இவ்விதிப்படி பார்த்தால், சான் பிரான்சிஸ்கோ நகரின் வடபால் கோல்டன் கேற் நீரிணையின் குறுக்கே கட்டத் திட்டமிடப்பட்ட பாலம் முப்பத்தைந்து உயிர்களை வாங்கியிருத்தல் வேண்டும். அதற்கென விற்கப்பட்ட கடன்பத்திரங்களின் தொகை மூன்று கோடியே ஐம்பது இலட்சம் டொலர். 1933 ஜனவரி 5ஆந் திகதி வேலை தொடங்கிற்று. பசிபிக் சமுத்திரத்தின் காற்று தடையின்றிப் புகும் வாயில் அது. மூடுபனி உருக்கை நனைத்துக் காலை வழுக்கச் செய்யும். கோபுரங்களின் உயரம் 746 அடி. வீதி அமையும் தளமோ நீரிலிருந்து ஏறத்தாழ 220 அடி. அவ்வுயரத்திலிருந்து விழுபவன் நான்கு விநாடிக்குள் நீரை அடைவான். அப்போது அவனது வேகம் மணிக்கு எழுபத்தைந்து மைலளவு இருக்கும். அவ்வேகத்தில் நீரும் கல்லும் ஒன்றே.

தலைமைப் பொறியியலாளரான ஜோசப் ஸ்ட்ராஸ் சில ஒழுங்குகளைக் கண்டிப்புடன் புகுத்தினார். சுரங்கத் தொழிலாளருக்கென உருவான கடினத் தொப்பியைச் சற்று மாற்றியமைத்து எல்லோரையும் அணியச் செய்தார். கண்கூசாக் கண்ணாடி, குளிர்காற்றிலிருந்து முகத்தையும் கையையும் காக்கும் பூச்சு, தலைச்சுற்றைத் தவிர்க்கும் உணவு, வேலைத்தலத்திலேயே ஒரு வைத்தியசாலை என்பனவும் இருந்தன. உயரத்தில் வித்தை காட்டுபவன் உடனே வேலையிலிருந்து நீக்கப்படுவான். முதல்நாள் இரவு குடித்தவனுக்குக் காலையிலே புளித்த கோவாச் சாறு கொடுக்கப்பட்டதாம். இவற்றுட் சிலவற்றைப் படிக்கும்போது நகைப்புத் தோன்றலாம். ஆனால் ஒன்று: தொழிலாளியின் கண்ணும் காதும் வயிறும் வேலையின் பகுதிகள் என்று இங்கே ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கின்றார்.

1936ஆம் ஆண்டு கோடையில் வீதித்தளத்தின் வேலை தொடங்கியபோது அதன்கீழே வலை விரிக்கப்பட்டது. மணிலாக் கயிற்றினாற் பின்னிய வலை. கயிற்றின் தடிப்பு முக்கால் அங்குலத்திற் பாதி, கண்ணின் அளவு ஆறு அங்குலச் சதுரம். பாலத்தின் அகலத்தைக் காட்டிலும் பத்தடி கூடுதலாக விரிந்து, உருக்கு வேலை நீள நீள அதற்குப் பதினைந்தடி முன்னே சென்றுகொண்டிருந்தது. செலவு 130,000 டொலருக்குச் சற்று மேல். மொத்தச் செலவில் நூற்றுக்கு அரைவீதம் கூட இல்லை! பத்து இலட்சத்துக்கு ஓர் உயிர் என்று பெரிய மனிதர் பலரும் ஒப்புக்கொண்டிருந்த அந்த இயற்கை நியதி, நூற்றுக்கு அரைவீதத்துக்குக் குறைந்த செலவில் உடைபடக்கூடிய நியதியாகவே இருந்திருக்கின்றது.

இவ்வலை யாருடைய கொடை? ஸ்ட்ராஸின் கொடை என்றே பாலத்தைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கூறுகின்றன. அவருடைய பங்கைக் குறைத்துக் கூறவேண்டியதில்லை. ஆயினும் தனிமனிதரின் நல்லெண்ணத்தைக் கொண்டு வரலாற்றை விளக்க முற்படுவோர் பாதிவழியில் நின்றுவிடுகின்றனர். கலிபோர்னியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் வேலைத்தலத்து விபத்துக்கு நட்டஈடு கொடுப்பதைத் தொழில்தருநர்மீது கட்டாயமாக்கியிருந்தது. அதற்கு முன் இறந்த தொழிலாளியின் மனைவி, குற்றம் முதலாளியினுடையதென்று நீதிமன்றத்திலே நிரூபித்தல் வேண்டும். சட்டம் வந்தபின் ஒவ்வொரு விழுகையும் காப்புறுதிக் கட்டணத்தில் எதிரொலித்தது. மேலும், வலை கட்டப்படுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1934 ஜூலை 5ஆந் திகதி, அதே நகரின் துறைமுகத்தில் வேலைநிறுத்தஞ் செய்தோர்மீது பொலிசார் சுட்டதில் இருவர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து நகரம் முழுவதும் நான்கு நாட்கள் பொது வேலைநிறுத்தத்தால் ஸ்தம்பித்தது. வலை அவ்வேலைநிறுத்தத்தின் நேர்விளைவென்று கூறுவோமாயின் சான்றை மிஞ்சியவர்களாவோம். தொழிலாளியின் உயிரை வெறும் செலவுக் கணக்காகப் பேசுவது எளிதாயில்லாத ஒரு நகரத்திலே வலை தொங்கிற்று என்ற அளவில் நிற்போம்.

அருகிலேயே, அதே ஆண்டுகளில் எழுந்து 1936 நவம்பரில் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோ—ஓக்லன்ட் பாலத்தில் இத்தகைய வலை இல்லை. அங்கே மாண்டவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர்.

கோல்டன் கேற் பாலத்தில் வலையின்மீது விழுந்து உயிர் பிழைத்தோர் பத்தொன்பது பேர். அவர்கள் தமக்குள் ஒரு கழகம் அமைத்தனர். 'நரகத்துக்குப் பாதிவழிக் கழகம்' என்று அதற்குப் பெயர். விழுந்தோருட் சிலர் எலும்பு முறிந்து கிடந்தனர். எனினும் கிடந்து சிரிக்க அவர்கள் இருந்தனர். வலை வந்தபின் நடை தயங்காமல் வேலை விரைவாக நடந்ததென்று அங்கு உழைத்தோர் பின்னாளிற் கூறியுள்ளனர். அச்சம் மனிதனை வேகமாக உழைக்கச் செய்யும் என்று நம்பும் மேற்பார்வையாளர் இன்றும் இருப்பதால் இதனை அழுத்திக் கூறவேண்டியுள்ளது.

நான்காண்டுகளை நெருங்கும்வரை அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. 1936 ஒக்டோபர் 21ஆந் திகதி பாரந்தூக்கியொன்று சாய்ந்து விழுந்து ஒருவரைக் கொன்றது. வேலை முடியும் தறுவாயில், 1937 பெப்ரவரி 17ஆந் திகதி காலை, பெருந்துயர் நேர்ந்தது.

வீதித்தளத்துக்குக் கொங்கிறீற்று ஊற்றி இறுகியபின் அதன் அடியிலுள்ள பலகைகளைக் கழற்றி எடுத்தல் வேண்டும். அதற்கென ஏறத்தாழ ஐந்து தொன் நிறையுள்ள மேடையொன்று தளத்தின்கீழே சில்லுகளிற் தொங்கி நகர்ந்துகொண்டிருந்தது. அன்று அதனைத் தாங்கிய பிடிகள் விட்டுப்போயின. மேடை ஒருபக்கம் சரிந்து, பின்னர் முழுவதுமாக அறுந்து வலையின்மீது விழுந்தது. வலை ஒரு கணம் தாங்கிற்று. பின்னர் கிழியத் தொடங்கி, அதன் பெரும்பகுதி மேடையோடும் மனிதரோடும் கடலுக்குட் சென்றது. மேடையில் நின்றவருள் ஒருவர் மேலேயிருந்த உருக்கைப் பற்றித் தொங்கிப் பிழைத்தார். பன்னிருவர் நீரில் வீழ்ந்தனர். பதின்மர் மாண்டனர்; எஞ்சிய இருவர் மீட்கப்பட்டனர்.

வலை பொய்த்துவிட்டதென்று கூறலாமா? விழும் மனிதனைத் தாங்கவென்று பின்னப்பட்ட வலை அது. ஐந்து தொன் மேடையைத் தாங்குமென்று அதனை யாரும் கணித்ததில்லை. பொய்த்தது மேடையின் பிடி. மேலே தொங்கும் ஒவ்வொரு பிடியும் ஆணியும் வேலை தொடங்குமுன் சோதிக்கப்படவேண்டியவை. கீழே வலை இருக்கிறதென்னும் நிம்மதி, மேலே பார்க்கவேண்டிய கண்களைச் சற்றுத் தாழ்த்திவிட்டதோ என்ற ஐயம் நமக்கு எழுகின்றது. ஒரு பாதுகாப்பு வெற்றி பெற்றவுடன் மற்றொன்றைக் கைவிடும் மனப்பான்மை இன்றைய வேலைத்தலங்களிலும் காணப்படுவதொன்றே.

அவ்வாண்டு மே 27ஆந் திகதி பாலம் திறக்கப்பட்டது. நான்கு கிழமைகள் கழியுமுன், ஜூன் 23ஆந் திகதி, ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் மாநாடு கட்டட வேலையின் பாதுகாப்பைப் பற்றிய 62ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றிற்று. சாரம் எவ்வாறு கட்டப்படவேண்டும், யாருடைய மேற்பார்வையிற் கட்டப்படவேண்டும், எவ்வாறு பரிசோதிக்கப்படவேண்டும் என்பவையே அதன் உயிர்நாடி. பெப்ரவரியில் நேர்ந்ததற்கும் ஜூனில் எழுதப்பட்டதற்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் கூறவில்லை. ஆனால் பெப்ரவரியில் இல்லாது போனது எதுவோ அதுவே ஜூனில் விதியாக எழுதப்பட்டது. பொறியியலாளர் ஒருவரின் விருப்பத்தில் தங்கியிருந்த பாதுகாப்பு, கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக மாறும் பாதை இதுதான்.

பாதை நீண்டது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான தொழிற் பாதுகாப்புச் சட்டம் 1970இலேதான் வந்தது. அதன்கீழ், ஏணியோ சாரமோ கயிறோ பயன்படுத்த இயலாத வேலைத்தலம் 25 அடிக்கு மேற்பட்டிருந்தால் வலை வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு விதிகள் பொதுவான எல்லையை ஆறு அடியாகக் குறைத்தன. வலை முப்பதடிக்கு மேற் தாழ்ந்திருக்கலாகாது என்றன. இடுப்பில் மட்டும் கட்டும் வாரை விழுபவனைத் தாங்குவதற்குப் பயன்படுத்துதல் 1998 ஜனவரி முதல் தடுக்கப்பட்டது. விழுகை திடீரென நிற்கும்போது அதன் வலு முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கி உள்ளுறுப்புகளைச் சிதைப்பதே காரணம். தோளையும் தொடையையும் சுற்றிய கச்சை அவ்வலுவை உடலெங்கும் பகிர்ந்துவிடும். பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் வரிசையையே மாற்றின. உயரத்தில் ஏறாமற் செய்யக்கூடிய வேலையைக் கீழேயே செய்க. ஏறித்தான் ஆகவேண்டுமெனின் கைப்பிடிவேலி முதலியவற்றால் விழாமற் காக்க. அதுவும் முடியாதபோதே விழுந்தவனைத் தாங்கும் வலையும் கயிறும் என்பது அவ்வரிசை. 1936இன் அதிசயம் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது!

இவ்வளவும் எழுதப்பட்டபின்பும், அமெரிக்கக் கட்டட வேலையில் மாள்வோருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் விழுந்தே மாள்கின்றனர். வானளாவும் கோபுரத்திலிருந்து விழுவோர் அவர்களுட் சிலரே. பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் முப்பதடிக்கு உட்பட்ட உயரத்திலிருந்து நேர்பவை: சாதாரண வீட்டின் கூரை, ஏணி, சாரத்தின் முதல் தட்டு. பெரிய ஒப்பந்தகாரரிடமிருந்து சிறியவருக்கும், அவரிடமிருந்து இன்னுஞ் சிறியவருக்கும் வேலை கைமாறிச் செல்லும்போது முதலில் வெட்டப்படும் செலவு கயிற்றின் செலவே. அங்கே நிழற்படமெடுக்க யாரும் வருவதில்லை.

கோல்டன் கேற் பாலத்தருகே ஸ்ட்ராஸின் சிலை 1941இல் நாட்டப்பட்டது. அப்பாலத்தின் கணிதம் பெரும்பகுதியையும் செய்து, 1931இல் வேலையிலிருந்து விலக்கப்பட்ட சார்ள்ஸ் எல்லிஸ் என்ற பொறியியலாளரின் பெயர் பாலத்தில் இடம்பெற 2012 வரை காத்திருக்க நேர்ந்தது. மாண்ட பதினொருவரின் பெயர்களுக்கும் ஒரு பட்டயம் உண்டு. பாலத்துக்கு வாங்கிய கடன் 1971இல், கடப்போர் செலுத்திய வரிப்பணத்தால், முற்றாகத் தீர்க்கப்பட்டது. முதல் மூன்று கோடியே ஐம்பது இலட்சம் டொலர். வட்டி ஏறத்தாழ மூன்று கோடியே தொண்ணூறு இலட்சம். வலைக்குச் செலவானது அவ்வட்டியில் முந்நூறில் ஒரு பங்கு.