ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த மலைகள்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோதே செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மெஸ் சாம்பார், ஹாஸ்டல் வார்டன் இரண்டைப் பற்றியும் போதும்போதும்னு கட்டுரை வந்தாச்சு தம்பி. நீ வேற ஏதாவது எழுது." அதனால் மெஸ்ஸையும் வார்டனையும் விட்டுவிட்டு, நான்கு வருஷமும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து நாம் பார்த்துக்கொண்டே இருந்த, ஆனால் நம்மில் பாதிப் பேர் ஒருமுறைகூட ஏறிப் பார்க்காத பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளைப் பற்றி எழுதுகிறேன். காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது தெரியுமே, அதே மலைகள்தான்.

"மலையா? அது வெறும் மேடுப்பா" என்று கொடைக்கானல் பக்கத்திலிருந்து வந்த நம் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். உயரத்தில் அவர்கள் சொல்வது சரிதான். பரங்கிமலையே ஏறக்குறைய 300 அடிதான். வயசு என்று பார்த்தால் கதை வேறு. இந்தப் பாறை உருவாகிச் சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இமயமலை இதற்குப் பேரன் முறைகூட ஆகாது. கல்லின் பெயர் சார்னோகைட். கல்கத்தா நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறையில் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு 1893-ல் அந்தக் கல்லை ஆராய்ந்து, சார்னாக் பெயரையே வைத்துவிட்டார். நம்ம ஊர்க் கல். பெயர் மட்டும் கல்கத்தா பார்ட்டி! இன்றைக்கும் உலகத்தில் எங்கே இந்த வகைப் பாறையைக் கண்டாலும், அன்டார்க்டிகாவில் கண்டால்கூட, சார்னோகைட் என்றுதான் எழுதுகிறார்கள். அதன் மூல மாதிரி நம் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிறது.

அடுத்த கதை பல்லாவரத்தில். 1863-ம் ஆண்டு மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் பூட் என்ற 28 வயது இளைஞர், பல்லாவரம் கன்டோன்மென்ட் பரேடு மைதானத்தில் ஜல்லி தோண்டிய ஒரு பள்ளத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். மே மாத வெயிலில் நாமாக இருந்தால் எந்த மரத்தடி என்று தேடியிருப்போம். அவர் கையில் ஒரு கல் கிடைத்தது. இயற்கையாக உடைந்த கல் இல்லை, மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று பார்த்தவுடன் புரிந்துகொண்டார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதலில் அடையாளம் காணப்பட்ட சான்று அதுதான். பல்லாவரம் குன்று சார்னோகைட். அந்தக் கோடரியோ குவார்ட்சைட். அதே ஆண்டில் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் ஏராளமான கருவிகள் அகப்பட்டன. அங்கே சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழ்ந்து, சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011-ல் வெளியிட்டார்கள். பூட் சேர்த்த கற்களை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. எழும்பூர் போனால் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடாமல் அதையும் பாருங்கள்.

பல்லாவரம் குன்றில் மகேந்திரவர்ம பல்லவனின் பட்டப்பெயர்கள் பொறித்த ஒரு குடைவரை இருக்கிறது. இன்று அது தர்கா. அந்தப் பக்கம் திரிசூலத்தில், குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில், சோழர் காலத்துச் சிவன் கோயில். கல்வெட்டில் ஊர்ப் பெயர் 'திருச்சுரம்' என்று வருகிறது. விமான நிலையத்துக்கு எதிர்ப்புறம் ரயில் பாதையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். எவ்வளவு பேர் அந்த ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கி நேரே ஏர்போர்ட்டுக்குள் போய்விடுகிறார்கள்!

பரங்கிமலைக்கு வருவோம். புனித தோமையாரோடு தொடர்புடைய மலை என்பதும், போர்ச்சுகீசியர் 1523-ல் அங்கே தேவாலயம் கட்டினார்கள் என்பதும் பலருக்குத் தெரியும். ஏறிப் போகும் படிக்கட்டு, அடையாற்றின் குறுக்கே 1726-ல் மர்மலாங் பாலத்தைக் கட்டித் தந்த அர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் செலவில் வந்தது. ஆனால் சிவில்காரனான எனக்கு அந்த மலை என்றால் லாம்டன்தான்.

இரண்டாம் ஆண்டு சர்வே கேம்ப் ஞாபகம் இருக்கிறதா? செயினைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றி வந்து, க்ளோசிங் எரர் வராமல் ஆபீஸில் உட்கார்ந்து 'சரி' செய்தோமே (ஒரு குரூப் மட்டும்தான் என்று சிலர் சாதிப்பார்கள்), அந்தக் கேம்ப். நாம் அவஸ்தைப்பட்ட இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் உலகத்தின் மிகப் பெரிய சர்வே வேலை ஆரம்பித்தது என்பதை அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளந்தார். 100 அடி நீள எஃகுச் சங்கிலியைக் கிட்டத்தட்ட 400 தடவை போட்டுப் போட்டு அளந்து முடிக்க 57 நாள். ஏப்ரல், மே வெயில்!

57 நாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. எஃகு 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 100 அடிச் சங்கிலி ஏறக்குறைய எட்டில் ஒரு அங்குலம் நீளும். ஒன்றும் இல்லாத மாதிரிதான் தெரியும். ஏழரை மைலுக்கும் சேர்த்தால் நாலரை அடிப் பிசகு. அதனால்தான் சங்கிலியைத் தரையில் போடாமல் தாங்கிகளின் மேல் மரத்தொட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, வெப்பமானி வைத்துப் படித்துப் படித்துத் திருத்தம் எழுதினார்கள். அந்த ஒரு கோட்டின் மேல்தான் பின்னால் வந்த முக்கோணங்கள் எல்லாம் நின்றன. அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு திருப்பி அனுப்பிய கூத்தும் உண்டு. லாம்டன் வேலை முடியுமுன்பே 1823-ல் இங்கனகாட்டில் இறந்துபோனார். முக்கோணங்கள் வடக்கே நகர்ந்துகொண்டே போய் இமயத்தைத் தொட்டன. 1856-ல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். எவரெஸ்டை அளந்த கோட்டின் ஒரு நுனி ஆதம்பாக்கம் பக்கம் என்றால் நம்புவார்களா? இன்று அந்தக் கோட்டில் நடந்தால் மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று வீட்டுச் சுவர்தான் இடிக்கும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இந்த மலைகளைத் தின்றது யார் என்று கேட்டால், நம் தொழில்தான். சார்னோகைட் மாதிரி நல்ல ஜல்லி கிடைப்பது அபூர்வம். சென்னையின் அஸ்திவாரங்களிலும் ரயில் பாதையிலும் ரோட்டிலும் இந்தக் குன்றுகள் கிடக்கின்றன. நம் கான்கிரீட் லேபில் க்யூப் போட்ட ஜல்லியும் இந்தப் பக்கத்துக் கல்தான். வீடு கட்டக் கல் வேண்டாமா என்று கேட்டால் வேண்டும்தான். ஆனால் தேசிய புவியியல் நினைவுச் சின்னம் என்று ஒரு பக்கம் பலகை வைத்துவிட்டு, அதே குன்று வரிசையை இன்னொரு பக்கம் வெடி வைத்துக் குடைந்ததைச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. குன்று இருந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கும் குவாரிப் பள்ளங்கள்.

அந்தப் பச்சைத் தண்ணீரைப் பற்றி மாணவத் தம்பி, தங்கைகளிடம் ஒரு வார்த்தை. நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து குளிக்கப் போன இரண்டு பையன்கள் திரும்பி வரவில்லை. ஒருவன் எங்கள் விங்கில் இருந்தவனின் பள்ளித் தோழன். நன்றாக நீச்சல் தெரிந்தவன். ஏரிக்கும் குவாரிக்கும் வித்தியாசம் இதுதான்: ஏரியில் கரை சரிந்து இறங்கும், காலுக்குத் தரை தட்டும். குவாரியில் வெடி வைத்த சுவர் செங்குத்தாக இறங்குகிறது. நின்று மூச்சு வாங்க இடம் கிடையாது, ஏறிவரப் பிடிப்பும் கிடையாது. மேலே வெதுவெதுப்பு, ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே ஜில்லென்று தசையைப் பிடிக்கும் குளிர். பாதித் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும் பாறை முனை வேறு. பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். இறங்காதீர்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் 'மலைப் பக்கம் செல்லத் தடை' என்று எழுதிப்போட்டார்கள். தண்ணீருக்குத் தடை போட்டது நியாயம். மலைக்கே போட்டதில்தான் எனக்கு வருத்தம். எங்கள் சீனியர்களுக்குத் தெரிந்திருந்த ஒற்றையடிப் பாதைகள் எங்கள் ஜூனியர்களுக்குத் தெரியாமல் போய்விட்டன. யாரும் நடக்காத பாதையில் முதலில் முள் வருகிறது, பிறகு குப்பை வருகிறது, கடைசியில் காம்பவுண்டு வருகிறது.

குவாரிகளால் ஒரு நன்மையும் நடந்தது, சொல்லாமல் விடக்கூடாது. 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரை எடுத்துச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். மேடவாக்கம் பக்கத்து நன்மங்கலம் காப்புக்காட்டில், சுமார் 320 ஹெக்டேரில், கைவிட்ட குவாரியின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. வனத்துறை அனுமதியோடு, சத்தம் போடாமல் போனால் பார்க்கலாம். ஒரு முழு நாள் கைவசம் இருப்பவர்கள் பூண்டி ஏரியைத் தாண்டிக் குடியம் குகைகளுக்குப் போகலாம். ஊரிலிருந்து காட்டுக்குள் நடை, கூழாங்கல் பதிந்த பாறைக் கூரை, அங்கேயும் பழைய கற்காலம். அனுமதி கேட்டுக்கொண்டு, கூட்டமாகவே போங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சந்திப்பு விழா சனிக்கிழமை இரவு விருந்தோடு முடிகிறது. மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பரங்கிமலை ஸ்டேஷன் வாசலில் நான் நிற்பேன். முதலில் உஸ்கான் படியேறி லாம்டன் நின்ற திசையைப் பார்க்கிறோம். விமானம் காலடிக்குக் கீழே இறங்குவது போல் தெரியும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிறகு மின்சார ரயிலில் திரிசூலம், கோயில். முட்டி ஒத்துழைக்கும் ஆட்கள் பல்லாவரம் வரை. ராணுவ எல்லைக்குள்ளும் ரேடார் பக்கமும் போகப்போவதில்லை. படியேற முடியாத பெரியவர்களுக்கு மேலே வரை கார் ரோடு இருக்கிறது. தொப்பியும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் கொண்டுவந்தால் போதும். இட்லிப் பொட்டலம் என் பொறுப்பு. எண்ணிக்கை தெரிய வேண்டும் என்பதால் வருகிறவர்கள் சனிக்கிழமையே பதிவு மேஜையில் பெயர் கொடுத்துவிடுங்கள்.