சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லும் விளையாட்டு

ஒவ்வொரு வருடமும் செப்ரெம்பர் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய வார இறுதியில் ரொறன்ரோவின் ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடைபெறுகிறது. அதற்கு முந்திய நாட்களிலேயே ஒத்திகை தொடங்கிவிடும். நாங்கள் வேலைசெய்யும் றெஸ்ரோறன்ற் ஏரியிலிருந்து அதிக தூரமில்லை. கோப்பை கழுவும்போதும் வெங்காயம் வெட்டும்போதும் குசினிக் கூரைக்கு மேலே இரைச்சல் கேட்கும். உடனே யாராவது ஒருவர், "என்ன எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்பார். வெளியே போய்ப் பார்க்கக்கூடாது. காதால் மட்டுமே சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னவர் எல்லோருக்கும் தேத்தண்ணி போடவேண்டும்.

இந்த விளையாட்டை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியாவில் சாதாரண குடிமக்கள் விமானங்களின் நிழலுருவங்களை மனப்பாடம் செய்தார்கள். விளையாட்டுச் சீட்டுகளில்கூட அவ்வுருவங்கள் அச்சிடப்பட்டன. கனடாவின் விமானப்படையும் 1940இல் பொதுமக்களைக் கொண்ட ஒரு கண்காணிப்பு அமைப்பை உருவாக்கியது. போர் முடிந்தபின் இந்த அறிவு பொழுதுபோக்காகத் தங்கிவிட்டது. இன்றும் பழைய படமொன்றில் தெரியும் ஒரு சக்கரத்தையோ ஒரு குழாயின் நுனியையோ வைத்து வாகனத்தின் பெயரைச் சொல்லி மகிழும் கனேடியர்கள் இருக்கிறார்கள். ஒஷாவாவிலுள்ள ஒன்ராறியோ றெஜிமென்ற் அருங்காட்சியகத்தில் பழைய போர் வாகனங்களை ஓடக்கூடிய நிலையில் வைத்துப் பராமரிக்கிறார்கள். அவர்களை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் அவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நாங்கள் பதுங்குகுழிக்குள் இருந்து கேட்டதை வைத்துச் சொல்கிறோம்.

எங்கள் குசினியில் வெவ்வேறு ஆண்டுகளில் ஊரைவிட்டு வந்தவர்கள் நிற்கிறோம். ஒருவர் எந்தச் சத்தங்களை அறிவார் என்பதைக் கொண்டு அவர் எப்போது புறப்பட்டார் என்று சொல்லிவிடலாம். 1984இல் வந்த அண்ணருக்கு விமானங்கள் அதிகம் தெரியாது. அவருக்குத் தெரிந்தவை ஜீப்பும் ட்ரக்கும், பிரித்தானியர் செய்த பெரட், சலடின், சரசன் கவசவாகனங்களும்தான். இந்தப் பெரட்டைக் கனேடிய இராணுவமும் வைத்திருந்தது. 1986இல் வந்தவருக்கு ஹெலியும் பொம்பரும் தெரியும். பெல் 212 ஹெலிக்கு இரண்டே விசிறிகள். அதனால் அது காற்றை அறையும் சத்தம் வெகுதூரத்திலிருந்தே கேட்கும். பொம்பர் என்று ஊரில் சொன்னது 1985இல் வாங்கப்பட்ட இத்தாலியச் சியாமாசெட்டியை. பயிற்சிக்கென்று செய்யப்பட்ட சிறு விமானம் அது. சுற்றிச் சுற்றி வந்து, பின்னர் குத்தெனப் பதியும். பதியும்போது சத்தம் மாறும். ஓடுவதற்கு இருந்த நேரம் அந்த மாற்றத்துக்கும் குண்டுக்கும் இடைப்பட்டதுதான்.

1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் இந்திய இராணுவத்தின் டாங்கிகள் ஒழுங்கைகளில் வந்ததைச் சொல்வார்கள். 1990இல் கோட்டை முற்றுகையின்போது இருந்தவர்கள் சகடையைச் சொல்வார்கள். அவ்ரோவும் சீனத்து வை-12உம் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றும் விமானங்கள். அவற்றிலிருந்து பீப்பாக் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். அதன் பின்னர் 1991இல் சுப்பர்சொனிக், 1993இல் புக்காரா, 1996இல் கிபிர். கிபிரோடு எங்கள் பழைய கணக்கெல்லாம் பிழைத்துப்போயிற்று. சத்தம் காதுக்கு எட்டும்போது அது கடந்து போயிருக்கும். வன்னியில் இருந்தவர்கள் ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு என்று பெயர் வைத்தார்கள். வண்டு இரைந்தால் சற்று நேரத்தில் வேறொன்று வரும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

இந்த அறிவு எல்லோரையும் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. 1995 யூலை 9ஆம் திகதி நவாலியில் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களுக்கும் இந்தச் சத்தங்கள் தெரிந்தேயிருந்தன. அன்று நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

2006இல் நாங்கள் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவர்கள். ஓகஸ்ற் மாதம் பாதை மூடப்பட்டது, ஊரடங்கு வந்தது. இரவில் ஓடும் வாகனம் எதுவும் ஊரவருடையதாக இருக்க முடியாது. பவளின் கனத்த இரைச்சலை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். பவள் தென்னாபிரிக்காவில் கண்ணிவெடிக்குத் தப்புவதற்கென்று செய்யப்பட்டது. அது வந்தால் சுற்றிவளைப்பு என்றாவது தெரியும். ஆனால் வெள்ளை வானுக்கென்று ஒரு தனிச் சத்தம் இல்லை. பள்ளிப்பிள்ளைகளை ஏற்றும் வானின் சத்தம்தான் அதற்கும். நாங்கள் படிப்பை முடிக்காமல் வெளியேறியதற்குப் பெயர்சொல்ல முடியாத அந்தச் சத்தமே காரணம்.

இங்கே வந்தபின் அறிந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பெல் 212இலும் வை-12இலும் பூட்டப்பட்ட இயந்திரங்கள் பி.ரி.6 என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பம் உருவாக்கப்பட்டது கனடாவில், மொன்றியலுக்கு அருகே. ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் செய்யப்பட்ட ருவின் ஓட்டர் விமானமும் அதே குடும்பத்து இயந்திரத்தால்தான் பறக்கிறது. அது கனடாவின் வடக்கே பனிப்பிரதேசங்களுக்கு நோயாளரையும் உணவையும் கொண்டுசெல்கிறது. இதை யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. நாங்கள் ஓடித்தப்பிய சத்தம் பிறந்த நாட்டிலேயே வந்து தஞ்சம் கேட்டிருக்கிறோம் என்பதை அறிந்தபோது குசினியில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

எங்களோடு வேலைசெய்யும் ஒருவர் 2009 மே மாதம்வரை வன்னியில் இருந்தவர். எல்லாச் சத்தங்களையும் அவர்தான் அறிவார். ஆனால் அவர் விளையாட்டில் சேர்வதில்லை. ஒத்திகை தொடங்கியதும் மரக்கறி எடுக்கப்போவதாகச் சொல்லிக் குளிரறைக்குள் போய்விடுவார். இரைச்சல் அடங்கியபின்தான் வருவார். அவர் என்ன கேட்டார் என்று நாங்கள் கேட்டதில்லை. கடந்த கண்காட்சியின்போது விளையாட்டை நிறுத்திவிட்டோம். ஆனால் அந்தப் பெயர்களை மறக்கவிடக்கூடாது என்றே எண்ணுகிறோம். சகடை, வண்டு என்பவை எந்த இராணுவப் புத்தகத்திலும் இருந்து வந்த சொற்கள் அல்ல. எங்கள் சனங்கள் பயந்துகொண்டு வைத்த பெயர்கள். அவற்றை அறிந்தவர்கள் தங்கள் ஊரின் பெயரோடும் ஆண்டோடும் எழுதிவைக்கவேண்டும்.

இந்த முறை ஒத்திகை தொடங்கும்போது, அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியை முழு வேகத்தில் போட்டுவிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம்.