நாட்பட்ட அழற்சிக்கான இரத்தப் பரிசோதனைகள்

உடலுக்குள் வெளியே தெரியாமல் நீடிக்கும் அழற்சியையும், அதை ஒட்டி வரும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளையும் இரத்தத்தின் வழியாக மறைமுகமாக அறிய உதவும் ஆய்வுகள் இவை. ஈ.எஸ்.ஆர். எனப்படும் சிவப்பணு படிவு வீதமும், சி.ஆர்.பி. எனப்படும் சி-வினைப் புரதமும் அழற்சியைக் காட்டுபவை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், இன்சுலின் ஆகியவை வளர்சிதை மாற்றத்தைக் காட்டுபவை. அழற்சிப் பரிசோதனைகள் நோயின் பெயரைச் சொல்வதில்லை. எங்கோ ஏதோ நடக்கிறது என்பதோடு நின்றுவிடும். எங்கே, என்ன என்பதை மருத்துவர்தான் நோயாளியைப் பார்த்து, தொட்டு, கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்வரலாறு

சிவத்தல், வீங்குதல், சூடு, வலி என்ற நான்கு அடையாளங்களை அழற்சிக்கு வகுத்துச் சொன்னவர் கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய நூலாசிரியர் செல்சஸ். தோலில் வரும் கட்டிக்கு இந்த நான்கும் போதும். உள்ளுறுப்பில் வருவதை அறிய வழியில்லை. ஆனால் ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் இரத்தம் வடிப்பதையே சிகிச்சையாக வைத்திருந்ததால், வடித்த இரத்தம் கிண்ணத்தில் உறைவதைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுகொண்டார்கள். காய்ச்சல்காரரின் இரத்தக் கட்டியின் மேல் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஓர் ஏடு படியும். நலமாக இருப்பவரின் இரத்தத்தில் அது இராது. அந்த ஏட்டை அழற்சியின் சான்றாகக் கொண்டு, இன்னும் கொஞ்சம் இரத்தம் வடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். கவனிப்பு சரியாக இருந்தும் செய்த வைத்தியம் ஆளைக் கொன்றது.

லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் (1728–1793) அழற்சி கண்ட இரத்தத்தில் சிவப்புத் துகள்கள் விரைவாக அடியில் இறங்குவதைக் குறித்து வைத்தார். இரத்தம், அழற்சி, துப்பாக்கிக் காயங்கள் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் இரத்தம் வடிக்கும் வழக்கம் மங்கியதும் கிண்ணத்தைக் கவனிப்பவர்களும் இல்லாமல் போனார்கள்.

இதைப் பரிசோதனையாக மாற்றிய பெருமை போலந்து மருத்துவர் எட்மண்ட் பியெர்னாட்ஸ்கிக்கு (1866–1911) உரியது. இரத்தம் உறையாதபடி ஆக்சலேட் சேர்த்து, நேரான கண்ணாடிக் கலத்தில் நிற்க வைத்து, அணுக்கள் இறங்கும் வேகத்தை அளந்தார். வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. இரத்த அணுக்கள் குறைந்தவருக்கு வேகம் கூடுகிறது. பைப்ரினோஜன் என்ற உறைபுரதம் மிகுந்தாலும் கூடுகிறது. ஆகவே இது நோயறிய உதவும். இந்த முடிவுகளை அவர் 1897இல் போலந்து மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் வெளியிட்டார். போலந்தில் இன்றும் இந்தப் பரிசோதனைக்கு அவர் பெயர்தான். பிற நாடுகளில் அவரை அறிந்தவர் சிலரே.

இருபது ஆண்டுகள் கழித்து, சுவீடனைச் சேர்ந்த ராபின் ஃபாரியஸ் இதைத் தற்செயலாக மீண்டும் கண்டார். கருவுற்ற பெண்களின் இரத்தம் விரைவில் படிவதைப் பார்த்து, கர்ப்பத்தை உறுதி செய்யும் வழி கிடைத்துவிட்டது என்று 1918இல் நம்பினார். நோயுற்ற ஆண்களின் இரத்தமும் அப்படியே படிந்ததால் நம்பிக்கை பொய்த்தது. ஆனாலும் அவர் விடவில்லை. 1921இல் இரத்தப் படிவு பற்றி விரிவான ஆய்வேட்டை வெளியிட்டார். பழைய கிரேக்கர் சொன்ன கரும்பித்தம், மஞ்சள் பித்தம், கோழை, இரத்தம் என்ற நான்கு நீர்மங்களும் கிண்ணத்தில் உறையும் இரத்தத்தின் நான்கு அடுக்குகளைக் கண்டு வந்த கற்பனையே என்ற கருத்தும் அவருடையதுதான். அடியில் கருத்த கட்டி, அதன்மேல் சிவப்பு, அதன்மேல் வெளிறிய ஏடு, எல்லாவற்றையும் சூழ்ந்த மஞ்சள் நீர் என்று பார்க்கும்போது, அந்த விளக்கத்தை மறுக்கத் தோன்றாது.

அதே 1921இல் மற்றொரு சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் வெஸ்டர்கிரென் காசநோயாளிகளிடம் இந்தப் பரிசோதனையைச் செய்து, குழாயின் அளவையும் உறைதடுப்பியையும் ஒழுங்குபடுத்தினார். மருந்தில்லாத அந்தக் காலத்தில் சானடோரியத்தில் நோயாளி தேறுகிறாரா என்பதை அறிய எடையும் வெப்பமானியும் தவிர வேறு கருவி அதிகம் இல்லை. படிவு வீதம் மூன்றாவது துணையாக வந்து சேர்ந்தது. 1935இல் அமெரிக்கரான வின்ட்ரோப் 100 மி.மீ. குறியிட்ட குட்டைக் குழாயை அறிமுகப்படுத்தினார். ஆனால் சர்வதேசக் குழுக்கள் நிலையானதாக ஏற்றது வெஸ்டர்கிரென் முறையையே.

செய்யும் முறையும் அதன் பிழைகளும்

நான்கு பங்கு இரத்தத்துடன் ஒரு பங்கு 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசலைக் கலப்பார்கள். இரு முனையும் திறந்த, 30 செ.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குழாயில் 0 குறி வரை அதை இழுத்து, தாங்கியின் ரப்பர் அடியில் ஊன்றிச் செங்குத்தாக நிறுத்துவார்கள். சிவப்பு மெல்ல இறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு உருவாகும். ஒரு மணி நேர முடிவில் அந்தத் தெளிவின் உயரம் எத்தனை மி.மீ. என்பதே விடை. தமிழ்நாட்டின் சிறிய ஆய்வகங்கள் அரை மணி, ஒரு மணி என இரண்டு எண்களை எழுதித் தருவது வழக்கம். மருத்துவர் பார்ப்பது பின்னதை.

குழாய் சற்றே சாய்ந்தால் கணக்கு தவறும். சாய்ந்த குழாயில் இரத்த அணுக்கள் விரைந்து இறங்குவதை பாய்காட் என்ற ஆங்கிலேய நோயியலர் 1920இல் குறிப்பிட்டார். பொறியியல் துறையினர் இன்றும் அவர் பெயரால் அதைச் சொல்கிறார்கள். குழாய் நிற்கும் மேசையிலேயே சுழலும் இயந்திரம் அதிர்ந்து கொண்டிருந்தாலும், மே மாத அறை வெப்பத்தில் குழாய் நின்றாலும் எண் கூடும்.

சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் உண்டு. அதனால் ஒன்றையொன்று தள்ளும். பைப்ரினோஜனும் இம்யூனோகுளோபுலின்களும் மிகும்போது அந்தத் தள்ளுவிசை தளர்ந்து, அணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அடுக்கு கனத்தால் விரைந்து இறங்கும். ஆகவே ஈ.எஸ்.ஆர். அளப்பது அழற்சியை அன்று. அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் புரதத்தின் பின்விளைவை. பைப்ரினோஜன் இரத்தத்தை விட்டு நீங்கப் பல நாள் ஆவதால், நோய் தணிந்த பிறகும் எண் வாரக் கணக்கில் உயர்ந்தே நிற்கும்.

வயது, கர்ப்பம், சிறுநீரகச் செயலிழப்பு, இரத்தசோகை ஆகியவையும் எண்ணைக் கூட்டும். அரிவாள் அணு நோயும் சிவப்பணு மிகையும் குறைக்கும். இங்கே ஒரு பெண்ணுக்கு ஈ.எஸ்.ஆர். 40 என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபினைத்தான். உச்ச வரம்பை மனக்கணக்காகச் சொல்ல 1983இல் வெளிவந்த ஒரு சூத்திரம் உண்டு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி. 60 வயது ஆணுக்கு 30, பெண்ணுக்கு 35. நூறைத் தாண்டினால் விஷயம் வேறு. காசநோய் உள்ளிட்ட கடும் தொற்று, மைலோமா போன்ற புற்று, பெரிய தமனிகளின் அழற்சி இவற்றில் ஒன்று பெரும்பாலும் அகப்படும்.

சி-வினைப் புரதம்

நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவன மருத்துவமனையில் ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகத்தில் 1930இல் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்த நீரை ஆராய்ந்தார்கள். நிமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்த சி என்ற கூறு, நோய் முற்றிய நாள்களில் எடுத்த இரத்த நீரோடு சேர்ந்து வீழ்படிவானது. காய்ச்சல் இறங்கிய பிறகு எடுத்த இரத்த நீரில் அது நிகழவில்லை. முதலில் இது அந்தக் கிருமிக்கே உரிய வினை என்று தோன்றியது. பிற தொற்றுகளிலும் வருவது பின்னர் தெரிந்தது. வினைபுரிவது ஒரு புரதம் என்று 1940களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. அதைப் படிகமாகப் பிரித்தவர் மெக்லின் மெக்கார்ட்டி (1947). மரபுப் பொருள் டி.என்.ஏ.தான் என்று 1944இல் காட்டிய மூவரில் ஒருவர் அவர்; அந்தப் புகழில் இது மறைந்துவிட்டது.

இன்டர்லியூக்கின்-6 என்ற தூது வந்ததும் கல்லீரல் இந்தப் புரதத்தைச் சுரக்கும். சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும்; ஆயிரம் மடங்கு வரை உயரக்கூடும். அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம் என்பதால், காரணம் நீங்கியதும் மளமளவென்று இறங்கும். அறுவைக்குப் பின் தொற்று இருக்கிறதா, கொடுத்த ஆன்டிபயாடிக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஈ.எஸ்.ஆரைவிட இதுவே தகும். லூபஸ் நோயில் மட்டும் விந்தை: ஈ.எஸ்.ஆர். எகிறியிருக்கையிலும் சி.ஆர்.பி. பலருக்கு அடங்கியே இருக்கும்.

அறிக்கையைப் படிப்போர் அலகைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மி.கி. என்றும், சில டெசிலிட்டருக்கு மி.கி. என்றும் அச்சிடுகின்றன. ஒன்றில் 0.6 என்பது மற்றதில் 6. இது தெரியாமல் இரண்டு ஆய்வகங்களின் தாளை அருகருகே வைத்துப் பதறுவோர் உண்டு.

கொழுப்புத் திசுவும் அழற்சியும்

உடற்பருமன் எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதையும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதையும் 1993இல் ஹோதமிஷ்லிகில் குழுவினர் காட்டினர். அத்திசுவில் மேக்ரோபேஜ் அணுக்கள் குவிவது 2003இல் தெரியவந்தது. தொப்பைக் கொழுப்பு வெறும் சேமிப்பு அன்று, ஓயாமல் தூது அனுப்பும் சுரப்பி என்ற எண்ணம் அதன்பின் நிலைபெற்றது. இவ்வகை அழற்சியில் சி.ஆர்.பி. பெரும்பாலும் 2, 3, 5 என்றுதான் இருக்கும். இவ்வளவு சிறிய அளவையும் துல்லியமாக அளக்க நுண்ணுணர்வுச் சி.ஆர்.பி. முறை வந்தது.

1997இல் பால் ரிட்கர் குழுவினர், இந்த எண் கூடியிருந்த அமெரிக்க மருத்துவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்ததாக அறிவித்தனர். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் குறைந்த அபாயம், 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்று 2003இல் அமெரிக்க இதய சங்கம் வகுத்தது. 10ஐத் தாண்டினால் சளி, பல் வீக்கம் போன்ற வேறு காரணம் இருக்கலாம்; அது தீர்ந்ததும் மீண்டும் எடுக்க வேண்டும். கொலஸ்ட்ரால் குறைவாகவும் சி.ஆர்.பி. 2க்கு மேலும் இருந்த 17,802 பேரிடம் நடந்த ஜூபிட்டர் ஆய்வு (2008), ரோசுவாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்து மாரடைப்பைக் குறைப்பதாகக் காட்டியது. 2017இல் வெளிவந்த கேண்டோஸ் ஆய்வு, கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்தாலும் பலன் உண்டு என்றது. ஆனாலும் சி.ஆர்.பி. குற்றவாளி அன்று, சாட்சியே. பிறப்பிலேயே மரபணுவால் அந்த எண் கூடியவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருவதில்லை. எண்ணைக் குறைப்பதற்கென்றே மருந்து தேடுவது வீண்.

வளர்சிதை மாற்ற எண்கள்

ஜெரால்ட் ரீவன் 1988இல் ஒரே மனிதரிடம் சேர்ந்து வரும் கோளாறுகளுக்கு எக்ஸ் கூட்டறிகுறி என்று பெயரிட்டார். இன்று ஐந்து அளவுகளில் மூன்று தவறினால் வளர்சிதை மாற்றக் கூட்டறிகுறி எனக் கொள்வர்: இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழ், இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். தெற்காசியருக்கு இடுப்பு வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தராசில் ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றில் கொழுப்பு சேர்வது இப்பகுதியில் சகஜம்.

சர்க்கரை எண் கடைசியில்தான் கெடும். வெறும் வயிற்றில் சர்க்கரை 98, இன்சுலின் 16 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரையை மட்டும் பார்த்தால் குறையில்லை. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3.9. ஆக்ஸ்ஃபோர்டில் 1985இல் உருவான ஹோமா கணக்கு இது. 2.5க்கு மேல் போனாலே இன்சுலின் எதிர்ப்பு எனப் பலர் கொள்கிறார்கள். அதாவது கணையம் கூடுதலாக உழைத்துச் சர்க்கரையை அடக்கி வைத்திருக்கிறது. இன்சுலின் அளவீடு ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும் என்பதால் இதை ஒரே இடத்தில் எடுத்து ஒப்பிடுவது நல்லது.

எச்பிஏ1சி, சிவப்பணுவின் ஆயுளான ஏறத்தாழ 120 நாளில் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் விகிதம். சர்க்கரை நோயாளிகளிடம் அது கூடியிருப்பதை 1968இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டார். 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 முதல் நோய். இரும்புச்சத்துக் குறைவில் இந்த எண் பொய்யாகக் கூடும். சிவப்பணு விரைவில் சிதைந்தால் பொய்யாகக் குறையும். இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இப்படியே: அழற்சியில் அது உயர்வதால், இரும்பு தீர்ந்துபோன உடலும் தாளில் நிறைவாகத் தெரியும்.

இன்றைய நிலை

பெரிய ஆய்வகங்களில் ஈ.எஸ்.ஆரைத் தானியங்கிக் கருவிகள் ஒரு மணி நேரம் காத்திராமல் கணித்துத் தருகின்றன. கோவிட் காலத்தில் சி.ஆர்.பி., ஃபெரிட்டின் என்ற சொற்கள் வீடுகளுக்குள் வந்தன. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் தொகுப்புகளில் ஈ.எஸ்.ஆர். பெரும்பாலும் தப்பாமல் இடம்பெறுகிறது. வெறும் வயிற்று இன்சுலினைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.