லாங்லுவா–எத்தெவெனோ குடில்

நியூசிலாந்தின் தென் தீவில், பேங்க்ஸ் தீபகற்பத்தின் பழைய எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து உண்டான துறைமுகம் அக்கரோவா. அங்கே ரூ லவோ தெருவில் உள்ள இச்சிறு மரவீடு 1840-களில் கட்டப்பட்டது.

திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் ழான் பிரான்சுவா லாங்லுவா, 1838-இல் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடமிருந்து தீபகற்பத்தின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கிவிட்டதாக நம்பி, பிரான்சுக்குத் திரும்பி ஆள் திரட்டினார். குடியேறிகள் ‘கோம்ட் டி பாரி’ கப்பலில் 1840 ஆகஸ்டில் வந்து சேர்ந்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. நியூசிலாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு வழிவகுத்த வைத்தாங்கி ஒப்பந்தம் அவ்வாண்டு பிப்ரவரியில் கையெழுத்தாகியிருந்தது. அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பு அக்கரோவாவிலேயே பிரிட்டிஷ் கொடி ஏற்றப்பட்டிருந்தது. ஆயினும் அவர்கள் ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் மண்ணைத் திருத்தி நிலைத்த அந்தத் துணிவு போற்றத்தக்கது.

குடிலின் பெயரில் முற்பாதி கப்பல் தலைவரின் சகோதரர் எமாபிள் லாங்லுவாவைக் குறிக்கும். பிற்பாதி பின்னர் அங்கு வாழ்ந்த குடும்பத்தினுடையது. இரட்டைக் கதவுகளாகத் திறக்கும் சன்னல்களில் பிரெஞ்சுக் கைவண்ணம் துலங்குகிறது. நியூசிலாந்தில் இவ்வளவு பழைய பிரெஞ்சுச் சாயல் வீடுகள் அரிது.

1964-இல் அக்கரோவா அருங்காட்சியகம் இக்குடிலில்தான் திறக்கப்பட்டது. ஊரின் பழைய நீதிமன்றமும் சுங்க அலுவலகமும் பின்னர் அதனுடன் சேர்ந்தன.